மரவள்ளிக் கொல்லையில் மலைப்பாம்பு

காஜா பெராங் கிராமத்தில் வெயில் நேராக இறங்குகிறது. ஜப்பான்காரர்கள் வந்தபின் அரிசி இல்லை. அடுத்தடுத்த இரண்டு வீட்டாருக்கும் இந்த மரவள்ளிக் கொல்லைதான் சோறு. அதன் நடுவில் சீனி முகம்மது ஒரு மலைப்பாம்பின் தலையைக் கட்டையால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டு ஜொஹரா வேலியைத் தாண்டி ஓடிவருகிறாள். "அடிக்காதீங்கண்ணே! இது வந்த பொறவுதான் எலி கெழங்கத் தொடல." "பாம்புக்கு வக்கீல் வந்துருச்சா?" அவர் சிரித்தபடியே கட்டையை ஓங்குகிறார். "என் கோழியத் தின்னது இதுதான்." அடியின் சத்தம் ஈரமண்ணில் அமுங்குகிறது. வால் மட்டும் சருகுகளை மெல்லப் புரட்டிக்கொண்டிருக்கிறது. புடைத்திருக்கும் வயிற்றைப் பாராங் கத்தியால் கீறுகிறார். ஓர் எலி வருகிறது, பிறகு இன்னொன்று. ரோமம் நனைந்து ஒட்டியிருக்கிறது. கோழியின் இறகு ஒன்றுகூட இல்லை. "பாத்தீங்களா?" என்கிறாள் ஜொஹரா. அவர் கத்தியை இலையில் துடைக்கிறார், அவளைப் பார்க்கவில்லை. "அப்ப இதோட ஜோடிதான் தின்னுருக்கு" என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு லாலாங் புல்லுக்குள் இறங்குகிறார். ஜொஹராவின் காலடியில், மரவள்ளித் தூரை ஒட்டிய எலிவளையின் வாயில், மண் லேசாக அசைகிறது.