எட்டு மேஜையிலும் பெரிய எழுத்து

“யாரு இந்த வேலையைப் பண்ணினது?”

மேடத்தின் குரல் கேட்டதும் அலுவலகத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன.

மூடுபனியை அளக்கும் அலுவலகம் அது. சுற்றியுள்ள பதினான்கு மலைகளின் உச்சியிலும் ஆளில்லாமல் ஒரு கருவி நிற்கும். இங்கே கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, மலையின் எண்ணையும் கடவுச்சொல்லையும் தட்ட வேண்டும். தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் போல மலை ஒரு கணம் யோசிக்கும். பிறகு, பனிக்குள் எத்தனை மீட்டர் வரை பார்வை போகிறது என்று சொல்லும். அந்த எண்ணை நம்பித்தான் மலைப்பாதையில் பஸ்கள் கிளம்பும்.

இன்று அந்த ஜன்னல் கறுப்பாக இல்லை. வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பொடிப்பொடிப் பச்சை எழுத்துகள் போய், கட்டைவிரல் பருமனில் கறுப்பு எழுத்துகள். மேடத்தின் கண்ணாடி அறையையும் சேர்த்து எட்டு மேஜையிலும் இதே கதை.

“பாலர் வகுப்புப் புத்தகம் மாதிரி இருக்கு மேடம்,” என்றாள் இரண்டாவது மேஜைக்காரி. “அடுத்து அணில் படம் வரும்னு காத்துக்கிட்டிருக்கேன்.”

“நாப்பது வரி தெரிஞ்ச இடத்துல பதினெட்டுதான் தெரியுது. உருட்டி உருட்டி என் விரலே தேஞ்சுடும் போல,” என்றது இன்னொரு குரல்.

துணை அதிகாரி எழுந்தார். விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பெயரெடுத்தவர்.

“வேற யாரு? நம்ம ஒயர்தான்.”

ஒயர் என்பது கழுத்தில் கேபிள் சுருளை மாலையாகப் போட்டுத் திரியும் டெக்னீஷியன். ஐம்பதைத் தொடப்போகும் ஒப்பந்த ஊழியர். இரண்டு மெமோ வாங்கினால் ஒப்பந்தம் ரத்து. முதல் மெமோ போன மாதமே வாங்கியாயிற்று.

அன்று, ஒன்பதாவது மலையில் எண்ணூறு மீட்டர் வரை தெரிகிறது என்று மேடத்தின் அறிக்கை போனது. அதை நம்பிக் கிளம்பிய பஸ், பாதி வழியில் பனிக்குள் தடவித் தடவி நின்றது. “மிஷின் சொன்னதைத்தானே நான் எழுத முடியும்?” என்றார் மேடம். மலைக்குப் போய்க் கருவியின் பதிவைப் பார்த்துவிட்டு வந்த ஒயர், “லைன்ல கோளாறு மேடம்” என்று தலையைக் குனிந்துகொண்டார். பராமரிப்பு சரியில்லை என்று மெமோ அவர் தலையில் விழுந்தது.

“அவரை என் ரூமுக்கு வரச் சொல்லுங்க.”

மேடம் அறைக்கு நடந்தார். இந்த மழைக்காலம் முழுக்க அவருக்கு உலகமே கனவு போலத்தான் இருந்தது. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி. விளக்குகளைச் சுற்றி மெல்லிய வளையங்கள். நடையில் எதிரே வருகிறவர்களுக்கு அருகில் வந்த பிறகுதான் முகம் முளைக்கும். பனியோடு குடித்தனம் நடத்தினால் இப்படித்தான் என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். ஆனால் வழக்கமாக இழுத்தடிக்கும் காலை அறிக்கை இன்று ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது. நேற்று நல்ல தூக்கம். அதான்.

ஒயர் வந்து நின்றார். பின்னாலேயே துணை அதிகாரி, கையில் மெமோ படிவத்தோடு.

“என்னைக் கேட்காம செட்டிங்ஸ்ல கை வைக்கக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“தெரியாம கை பட்டுடுச்சா?”

“இல்ல மேடம். எழுத்து, அளவு, நிறம் எல்லாத்தையும் நானேதான் மாத்தி, எட்டு மிஷின்லயும் சேமிச்சு வெச்சேன்.”

“ஒத்துக்கறதைப் பாருங்க, என்னமோ பரிசு வாங்க வந்தவர் மாதிரி!” என்றார் துணை அதிகாரி.

“யாரு கேட்டு மாத்தினீங்க?”

“யாரும் கேக்கல. ஒருத்தருக்கு எழுத்து சரியாத் தெரியல மேடம்.”

“விதின்னா விதிதான்,” என்றார் மேடம்.

பேனாவைத் திறந்தார். துணை அதிகாரி மேஜையில் வைத்த படிவத்தின் அடியில், கோடு இருந்த இடத்தில் கையெழுத்திட்டார். துணை அதிகாரி திருப்தியோடு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

“அப்போ இன்னையோட எனக்கு இங்க வேலை இல்ல,” என்றார் ஒயர். “பதினாலு மலையோட கடவுச்சொல்லையும் யார்கிட்ட ஒப்படைக்கணும் மேடம்? அஞ்சாவது மலை கொஞ்சம் முரடு. ரெண்டு தடவை தட்டினாத்தான் திறக்கும்.”

வெளியே மலைகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன.

“ஒண்ணு கேக்கறேன். ஒருத்தருக்குத் தெரியலைன்னா அந்த ஒரு மேஜையில மட்டும் மாத்தியிருக்கலாமே? எட்டையும் எதுக்கு மாத்தி, இத்தனை பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கணும்?”

“ஒண்ணை மட்டும் மாத்தினா, யாருக்குக் கண்ணு மங்குதுன்னு மத்தவங்களுக்குத் தெரிஞ்சுடும் மேடம்.”

“யாருக்கு?”

ஒயர் மேஜை மேலிருந்த படிவத்தைப் பார்த்தார். பொடி எழுத்தில் அச்சடித்தது. அடியில் இரண்டு கோடுகள். ஒன்று மெமோ கொடுப்பவருக்கு, மற்றது வாங்குபவருக்கு.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு படிவத்தை மெல்ல மேடத்தின் பக்கம் நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மெமோ வாங்கறவங்க இடத்துல நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க மேடம்.”