பேனரில் இருக்கிற பெண்

எந்தப் பேரரசும் ஒரு பெண்ணின் கூந்தலை வென்றதாகச் சரித்திரம் இல்லை. நிறைமதியின் சுருட்டை முடியை மட்டும், நிச்சயதார்த்தத்தன்று, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பார்லரின் சூட்டுக் கருவி அரை மணி நேரத்தில் வென்றுவிட்டது. அன்று எடுத்த படத்தில் முடி பட்டாக விழுந்தது; மறுவாரம் துடைப்பமாக உடைந்தது. கருகிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு, கற்றாழையும் செம்பருத்தியும் அரைத்துப் பூசி, சூட்டின் பக்கமே போகாமல் மாதக்கணக்கில் அதைத் தேற்றினாள். காதோரம் முதல் சுருள் எட்டிப் பார்த்த அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னாள். கல்யாணத்தன்று மணமகள் அறைக்குள் அதே பார்லர்க்காரியை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா நுழைந்தார். "நேரா இழுத்து விடும்மா. நிச்சயதார்த்தப் படத்தைப் போட்டு வாசல்ல அம்மாம்பெரிய பேனர் வச்சிருக்கோம். படத்துல ஒருத்தி, மேடையில ஒருத்தின்னு சனம் சிரிக்கும்." கருவி சூடேறத் தொடங்கியது. நிறைமதி அதன் வயரைப் பிடுங்கினாள். "சிரிச்சா சிரிக்கட்டும் அத்தை. பேசாம பேனருக்கே தாலி கட்டச் சொல்லுங்க, அது எதுத்துப் பேசாது." "கல்யாணம் நின்னுரும், பாத்துக்க!" "நிக்கட்டும். முடி இனிமே கருகாது." தலையை ஒரு சிலுப்பு சிலுப்பி, பூவைத் தானே வைத்துக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு நடுவே மேடையேறினாள். அவளுக்குப் பின்னால் தாம்பாளத்தோடு வந்த தோழிக்கு முடி நேராக இருந்தது. மணையில் இருந்த மாப்பிள்ளை தோழியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். "கொஞ்சம் ஒதுங்குங்க, பொண்ணு வருது" என்று நிறைமதியிடம் சொன்னார்.