இரண்டு டிகிரி

"ஜனவரி முப்பது, காலை ஆறு அம்பது. வானம் தெளிவு, காத்து துளிகூட இல்லை. என் வண்டி மீட்டர் காட்டினது மைனஸ் அம்பத்தெட்டு. இவர் கருவி காட்டினது மைனஸ் அம்பத்துநாலு. எது பழுதுன்னு நீங்களே சொல்லுங்க, மேடம்."

நோர்பெக்கின் மேயர் மார்லின் ஆஸ்ட்பி, ஊரின் வானிலைக் கணக்கை எடுத்துவரும் ஆர்விட் காங்கஸின் சமையலறை அலமாரியைச் சுட்டிக்காட்டினார். காப்பி டப்பாவின் பக்கத்தில் எண்கள் ஒளிரும் சிறிய கருவி ஒன்று இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமாப் பொய் சொல்லாத கருவி, மேயரே," என்றார் ஆர்விட். "நீங்க ஓட்டு வாங்கி மூணு மாசந்தான் ஆகுது."

வடக்கு மினசோட்டாவின் அந்த மாவட்டத்தில் கடுங்குளிருக்கான சாதனை, பக்கத்து ஊரான ஹேஸ்லியிடம் இருந்தது: மைனஸ் ஐம்பத்தைந்து பாரன்ஹீட். சாதனை எந்த ஊருடையதோ அந்த ஊரில்தான் தன் வண்டிகளைக் குளிரில் சோதிப்பதாக ஒரு கார் நிறுவனம் அறிவித்திருந்தது. நோர்பெக்கின் ஒரே விடுதி, அந்த நிறுவனம் வரும் என்ற நம்பிக்கையில்தான் இன்னும் மூடப்படாமல் இருந்தது. ஹேஸ்லியை முந்த இன்னும் இரண்டே டிகிரி வேண்டும்.

வானிலைச் சாதனைகளைச் சரிபார்க்கும் மாநிலக் குழுவின் பரிசோதகர் டோரிஸ் லிண்டால் கோட்டை மாட்டினார். "வயர் போற வழி முழுக்கப் பார்த்துட்டு வரேன்."

"நான் இங்கேயே இருக்கேன்," என்று மேயர் அடுப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

டோரிஸ் திரும்பியபோது அவர் புருவங்களில் பனி படிந்திருந்தது. "சோதிச்சுட்டேன். ஒரு பழுதும் இல்லை."

"அப்ப என் வண்டி பொய் சொல்லுதா?"

"வண்டி சொன்னதை நான் எழுத முடியாது. ஊகத்தையும் எழுத முடியாது. கருவி காட்டினதுதான் கணக்கு."

அவர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மேயர் நீண்ட பெருமூச்சு விட்டார்.

"ஹேஸ்லிக்காரங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. போகட்டும். அந்த ராத்திரி என் ஊர்ல ஒரு எஞ்சின் உறையலை, ஒரு கோழி சாகலை. வண்டி நிறையக் கம்பளி ஏத்திக்கிட்டு வீடு வீடாப் போய் நானே போர்த்தினேன். வெயில் ஏறினப்புறந்தான் எடுத்தேன்."

"அது நல்ல காரியந்தான்," என்றார் ஆர்விட்.

"உங்க சன்னலெல்லாம் பனி மூடிக் கிடந்துச்சு, அதான் உங்களுக்குத் தெரியலை. தோட்டத்துல நிக்குற உங்க தேனீப் பெட்டியைக்கூட நான் விடலை, ஆர்விட். ரெண்டு கம்பளி! நன்றியெல்லாம் வேண்டாம்."

ஆர்விட் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நான் தேனீ வளக்கலையே."

"அப்ப அந்த வெள்ளைப் பெட்டி? நாலு கால் வச்சு, சுத்தியும் பலகை அடிச்சு..."

"தெர்மாமீட்டர் அதுக்குள்ளதான் இருக்கு, மேயரே. இங்க இருக்கறது வெறும் எண்ணைக் காட்டற டப்பா."

டோரிஸின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவர் கையெழுத்திட்டு, மை உலரும்வரை காத்திருந்து, முடிவை மேயரின் கையில் கொடுத்தார்: கருவியில் குறையில்லை, சாதனை ஹேஸ்லிக்கே.