கிளட்ச் பிடிக்கிற இடம்

சிக்னலில் கார் மறுபடியும் குலுங்கி நின்றது. பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"பதறாதே. கிளட்ச்சை மெதுவா விடு," என்றார் கணவர். குரலில் துளிக் கோபமில்லை.

"மெதுவாத்தாங்க விட்டேன்!"

இன்னொரு தடவையும் அணைந்தது. அவள் இறங்கி இடம் மாறினாள். அவர் கையில் அதே கார் வழுக்கிக்கொண்டு போனது.

"பாத்தியா? வண்டி மேல தப்பில்ல."

"டிரைவிங் ஸ்கூல் கார்ல எனக்கு இப்படி ஆனதே இல்லீங்க."

பின் சீட்டிலிருந்து மாமியார் சிரித்தார். "லைசென்ஸ் வாங்கிட்டாப் போதுமா? கால் பழக வேண்டாமா?"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "இதைக் குடுத்துட்டு என் தங்கச்சி வச்சிருக்கற மாதிரி ஆட்டோமேட்டிக் வாங்கிடலாங்க. அதுவே கியர் மாத்திக்கும். திங்கக்கிழமை வேலையில சேரணும். வீடு வீடாப் போய்க் கட்டு மாத்தற நர்ஸ், கார் ஓட்ட வராம என்ன பண்றது?"

"அந்தக் காரோட கியர் பெட்டிக்குள்ள ரெண்டு கிளட்ச். ரெண்டையும் ஓட்டறது ஒரு கம்ப்யூட்டர். இந்த நெரிசல்ல நாலு வருஷம் ஊர்ந்தா சூடாகி உதற ஆரம்பிக்கும். ஒருநாள் ஆளில்லாத தெருவுல மக்கர் பண்ணி நின்னுடும். நீ தனியா என்ன பண்ணுவே? மேனுவல்தான் கைவிடாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் பிள்ளைக்கு இருக்கற பொறுமை யாருக்கு வரும்!" என்றார் மாமியார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி. வேலைக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

"மனசைப் போட்டு அலட்டிக்காதே. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார் கணவர்.

மறுநாள் ஆயில் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குத் தனியாகப் போனார். மெக்கானிக் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"சார், கிளட்ச் சுத்தமா தேஞ்சுபோச்சு. பெடல் கடைசிவரைக்கும் மேல வந்தப்புறம்தான் பிடிக்குது. பழகின காலுன்னா சமாளிக்கும். புதுசா ஓட்டறவங்க, எங்க பிடிக்குதுன்னு தெரியாம படக்குன்னு விட்டுடுவாங்க, வண்டி அணைஞ்சுடும். போன சர்வீஸ்லயே சொன்னேனே! அரை நாள் வேலைதான். இன்னிக்கே மாத்திடட்டுமா?"

கணவர் பர்ஸை எடுத்தார்.

"ஆயிலை மட்டும் மாத்துப்பா. கிளட்ச்சைத் திங்கக்கிழமைக்கு அப்புறம் பாத்துக்கலாம்."