இரண்டாவது ஒயர்

ஒரு சின்ன அலுவலகத்தின் கூரையில் பழைய ஸ்பீக்கர் ஒன்றும் மின்விசிறி ஒன்றும் அருகருகே இருந்தன. இரண்டுக்கும் ஆகாது. கீழே ஊழியர்கள் சங்கம் வைக்க இரகசியமாகப் பேசியது முதலாளி காதுக்குப் போய், இருவருக்கு வேலை போயிருந்தது.

“எல்லா மேசையையும் சுத்திச் சுத்திப் பாக்குறவன் நீ. காட்டிக்கொடுத்த கருங்காலியும் நீதான்டா” என்று ஸ்பீக்கர் நாள் தவறாமல் ஏசும்.

“எனக்குக் காத்து வீசத்தாண்ணே தெரியும்” என்று விசிறி முனகும்.

“கருங்காலி என்னைக்குடா ஒத்துக்கிட்டிருக்கான்?”

ஒரு விடுமுறை நாளில் புது ஸ்பீக்கர் மாட்ட எலெக்ட்ரீஷியன் வந்தார். பழையதைக் கழற்றி மேசைமேல் வைத்தவர், “இதுல ரெண்டாவதா ஒரு ஒயர் இருக்கே சார்?” என்றார்.

“அது என் ரூமுக்கு வர்றது. அதையும் புதுசுல சேர்த்துடுப்பா” என்றார் முதலாளி. “இவங்க குசுகுசுன்னு பேசுறது அது வழியாத்தான் எனக்குக் கேக்குது.”

பழைய ஸ்பீக்கர் விறைத்துப்போய்க் கிடந்தது. விசிறியை நிமிர்ந்து பார்க்க அதனால் முடியவில்லை.

மறுநாள் ஊழியர்கள் புது ஸ்பீக்கருக்கு அடியில் தலைகளை நெருக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள். குப்பைக் கூடையிலிருந்து பழைய ஸ்பீக்கர், “பேசாதீங்க தோழர்களே” என்று கத்தப் பார்த்தது.

அதன் முதுகில் இப்போது ஒரு ஒயரும் இல்லை.