எட்டிப் பார்க்காத தெரு

“என்னங்க, டாக்டர் உங்களை மட்டும் தனியாக் கூப்பிட்டு என்ன சொன்னாரு?”

“உன்னைய ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. சாப்பிட்டுப் படு.”

சத்தியமூர்த்தி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் ரசத்தை ஊற்றினார். தாளிக்காத ரசம்.

சுபலட்சுமி சோற்றைப் பிசையாமல் அவரையே பார்த்தாள். பித்தப்பையில் கல்லுக்குத்தான் ஆபரேஷன். எடுத்த பையை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ‘நார்மல்’ என்றார் கணவர். நார்மல் என்றால் ஏன் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை?

காரைக்குடியில் தெரிந்தவர் யார் படுத்தாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முதலில் போய் நிற்பவள் அவள்.

வீட்டுக்கு வந்த அன்று நாத்தனார் சத்தியப்பிரியா தேவகோட்டையிலிருந்து குடும்பத்தோடு பார்க்க வந்தாள். வந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசு வருமா? படுத்திருந்தவள் எழுந்துபோய்ப் பணியாரம் ஊற்றினாள். தையல் பிரிந்து, மறுபடி ஆஸ்பத்திரி. சத்தியமூர்த்தியைத்தான் டாக்டர் பிடி பிடியென்று பிடித்தார்.

அதற்கப்புறம் ஈ, காக்கை இல்லை.

ஜன்னல் வழியே பார்த்தாள். அடுத்த வீட்டு ஒச்சம்மாள் இளநீரைக் கேட்டுக்குள் வைத்துவிட்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள்.

“அக்கா, உள்ள வாங்க!”

“நான் வரக்கூடாதுத்தா. நீ படு” என்று ஒரே ஓட்டமாகப் போய்விட்டாள்.

நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“அண்ணன் எல்லாத்தையும் சொல்லிருச்சு மதினி. தைரியமா இருங்க.” அவ்வளவுதான். போன் கட்.

எல்லாத்தையுமா?

கணவரைத் திரும்பிப் பார்த்தாள். மழிக்காத தாடி. பெண்டாட்டி பிழைக்க மாட்டாள் என்று தெரிந்தவன் முகம் இப்படித்தானே இருக்கும்! அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“ஊருக்கெல்லாம் சொல்லிட்டீக. சாகப் போறவகிட்ட மட்டும் மறைச்சிட்டீக!”

“என்ன உளறுற?”

“நான் ஒச்சம்மாக்காகிட்டயே கேட்டுக்கிறேன்.”

பிடிக்க வந்த கையைத் தட்டிவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்துபோய் வாசல் கதவைத் திறந்தாள்.

நிலைப்படியின் மேலே கொத்துக் கொத்தாக வேப்பிலை தொங்கியது.

“நம்ம வீட்லயா? யாருக்கு அம்மை?”

“உனக்குத்தான்.” சத்தியமூர்த்தி அசடு வழிந்தார். “ஆள் வந்தா நீ அடுப்படிக்குப் போயிருவ. வராதீகன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வராது. முத்துமாரிகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத்தான் கட்டுனேன்.”

“அப்ப ரிப்போர்ட்டு?”

“நார்மல்தான். உங்கிட்டச் சொன்னதெல்லாம் நெசம். பொய் சொன்னது ஊருக்குத்தான்.”

“இந்தத் தாடி?”

“அம்மை போட்ட வீட்ல ஷேவ் பண்ணலாமா? ரசம் தாளிச்சாக்கூட ஒச்சம்மாக்கா மோப்பம் புடிச்சிருமே!”

அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சுபலட்சுமி உள்ளே போய், கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தாள்.