மூன்றாம் நம்பர் ஜேர்சி

"இடது பக்கம் ஊரடங்குச் சட்டம் போட்ட ரோட்டு மாதிரி வெறிச்சோடிக் கிடக்கு, மச்சான்," என்றார் வின்சன்ற்.

ஹியூபேட் உதைபந்தாட்ட மைதானத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்தான். அதற்குள் புளூ அங்கர்ஸ் இரண்டு கோல் வாங்கியிருந்தது. இரண்டும் இடது பக்கத்தால் வந்தவை.

இன்றைக்கும் தோற்றால் அடுத்த வருடம் இரண்டாம் பிரிவு. இதுவரை ஒன்பது ஆட்டம், ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியும் மழை பெய்து ஆட்டம் நின்றதால் வந்தது.

துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஹியூபேட்டுக்கு இந்தக் கழகம்தான். பென்சன் எடுத்த பிறகும் சனிக்கிழமை தவறுவதில்லை.

"நல்ல டீம் என்று சொல்லித்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய்?" என்றார் வின்சன்ற். அவர் தெமட்டகொடையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"நல்ல டீமாத்தான் இருந்தது. கோல் கீப்பர் கனடாவுக்குப் போயிட்டான். சென்டர் ஃபோர்வர்டை வெள்ளவத்தையில செக்கிங்கில பிடிச்சாங்கள், இன்னும் உள்ளுக்கு. மிச்சம் இருக்கிறதைத்தான் நீ பார்க்கிறாய்."

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த வருடம் அது. தமிழ்ப் பையன்கள் நாலு பேர் கூடி நின்றாலே ஐடென்டிட்டி கார்ட் கேட்பார்கள். வடக்கில் பிறந்தவன் என்று கார்டில் இருந்தால், அவன் எப்போது வீடு திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது.

அன்றும் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து முன்படியில் உட்கார்ந்தார்கள். முடி வெட்டையும் சப்பாத்தையும் பார்த்தாலே பொலிஸ்காரர் என்று தெரிந்தது. படிகளில் பேச்சு அடங்கிப்போயிற்று.

ஓரத்தில் இருந்த பேர்ணடெற் என்ற பெண் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ஆட்டத்துக்கு முன் மூன்றாம் நம்பர் ஜேர்சிக்காரனுக்கு அவள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்ததை ஹியூபேட்டும் வின்சன்றும் கண்டிருந்தார்கள்.

அந்த மூன்றாம் நம்பர்தான் இப்போது பந்தை விட்டுவிட்டுக் காற்றை உதைத்தான். மூன்றாவது கோல்.

முன்படியில் இருந்தவர்களில் ஒருவன் அவனைச் சுட்டிக்காட்டி மற்றவனிடம் ஏதோ சொன்னான்.

ஹியூபேட் எழும்பி நின்றார்.

"டேய் கிளிட்டஸ், உன்ட கண் எங்கேடா?"

மூன்றாம் நம்பர் திரும்பவில்லை.

"கிளிட்டஸ், உன்னைத்தான். ஞானஸ்நானத்தன்றே ஃபாதரின்ட கையிலிருந்து வழுக்கப் பார்த்தவன் நீ. உன்னை நம்பி டீமில போட்டாங்களே."

அவன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

வின்சன்ற் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மெதுவாக் கதை. முன்னுக்கு ஆர் இருக்கிறாங்கள் என்று பார்த்தியா? எல்லாரும் அவனையே பார்க்கிறாங்கள்."

"பார்க்கட்டும்."

முன்படிக்காரன் திரும்பினான். "அங்கிள், அந்த மூன்றாம் நம்பர் யார்? புதுசா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"புதுசு என்றால் மன்னிச்சு விடலாமே, மஹத்தயா." ஹியூபேட்டின் சிங்களம் துறைமுகத்தில் பழகியது, தடங்கல் இல்லாதது. "இது எங்கள் லேனிலேயே பிறந்து வளர்ந்த சனியன். ஆறு வயதில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். கேட்கப் போனால், அப்பன் குடித்துவிட்டு என்னையே அடிக்க வந்தான். அவனும் செத்துவிட்டான். இவனுக்குப் புத்தி வரவேண்டும் என்று தாய் ஒரு செவ்வாய் விடாமல் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறாள். அந்தோனியாருக்கே அலுத்துப்போயிற்று."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"வேறு டீம் பாருங்கள், அங்கிள்."

"இந்த வயதில் எங்கே போவது, மஹத்தயா?"

நான்காவது கோலும் விழுந்தது. அவர்கள் கொட்டாவி விட்டபடி எழும்பி, கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஹியூபேட் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

வின்சன்ற் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

"செத்தவனையும் நீ விடவில்லை. கோயிலுக்குப் போற தாயையும் விடவில்லை. தோற்கிற ஆத்திரம் எனக்கும் விளங்குது. அதுக்காக, எங்கட பையன் ஒருத்தனை அவங்களுக்கு முன்னால இப்படி உரிக்கிறதா? இனி உன்னோட மெச் பார்க்க நான் வரமாட்டேன்."

ஐந்துக்கு சைபர். புளூ அங்கர்ஸ் இரண்டாம் பிரிவுக்குப் போயிற்று. யாரும் கூச்சல் போடவில்லை. ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள்.

கேட்டடியில் பேர்ணடெற் நின்றாள். பக்கத்தில் அந்தப் பையன், முழங்கால் வரை சேறு. ஹியூபேட்டின் கன்னத்தில் ஒன்று விழத்தான் போகிறது என்று வின்சன்ற் ஒதுங்கி நின்றார்.

அவள் ஹியூபேட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன், இவன்ட கார்டைக் கேட்டிருந்தா இப்பவே ஜீப்பில ஏத்தியிருப்பாங்கள்."

வின்சன்ற் பையனைப் பார்த்தார். பிறகு ஹியூபேட்டைப் பார்த்தார்.

"ஐயா, நான் அவ்வளவு மோசமாவோ விளையாடினனான்?" என்று பையன் கேட்டான்.

"ஓம், படுமோசம்," என்றார் ஹியூபேட். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது கிடக்கட்டும். நீ எப்ப கொழும்புக்கு வந்தாய், தம்பி? உன்ட உண்மையான பேர் என்ன?"